வடக்கே தலை வைத்த கட்டில்

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கூபர் பெடியில் நாங்கள் தங்கிய நிலத்தடி அறையில் கட்டிலை நகர்த்த முடியாது. பாறையிலேயே மேடையாகச் செதுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். எனக்கு அது பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "தலைமாடு எந்தப் பக்கம்டீ?"

எனக்கென்ன தெரியும்? ஜன்னல் கிடையாது. வாசலிலிருந்து சரிவாக இறங்கி, இரண்டு திருப்பம் திரும்பி, தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் நிற்கிறோம். கிழக்கு மேற்கு எல்லாம் மேலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேன்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்தாள். என் கணவர் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக்குள் மெதுவாகச் சுற்றி வர ஆரம்பித்தார்.

அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 850 கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தோம். போர்ட் அகஸ்டா வரைக்கும் ஊர், வயல், ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 540 கிலோமீட்டருக்குச் சிவப்பு மண்ணும் குட்டைப் புதரும்தான். கிளென்டாம்போவில் பெட்ரோல் போட மறந்தால் அடுத்த பங்க் 250 கிலோமீட்டர் தள்ளி, கூபர் பெடியிலேயேதான். எதிரே ரோடு ட்ரெயின் வரும், பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி, ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளம். அது தாண்டிப் போகும்போது நம் கார் ஒரு முறை பக்கவாட்டில் தள்ளாடும். அம்மா அதற்கென்றே காருக்குள் ஒரு பிடியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஊர் வருவதற்கு வெகு முன்பே சாலையின் இருபுறமும் கூம்பு கூம்பாக வெளிறிய மண்குவியல்கள் தொடங்கின. கண்ணுக்கு எட்டிய வரை யாரோ மாவு சலித்துக் குவித்த மாதிரி. ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு குழி உண்டு. ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தேடித் தோண்டியவர்கள் மூடாமல் விட்டுப் போனவை, சில முப்பது மீட்டர் ஆழம் வரை போகுமாம். சாலையோர எச்சரிக்கைப் பலகையில் ஓடாதே என்று போட்டிருந்தது, அது எங்கும் பார்க்கிறதுதான். அதோடு பின்னோக்கி நடக்காதே என்றும் இருந்தது. போட்டோ எடுக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லா வரும் என்று பின்னால் நகர்வார்கள் இல்லையா, அவர்களுக்காக.

1915 பிப்ரவரியில் இங்கே தங்கம் தேடி ஒரு கூட்டம் வந்தது. அவர்களோடு வந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் கண்ணில் ஓப்பல் பட்டது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அதைக் கேள்விப்பட்டுத் தோண்ட வந்தார்கள். பதுங்குகுழியில் வாழ்ந்து பழகியவர்கள், தோண்டிய குழிக்குள்ளேயே குடியேறினார்கள் என்கிறார்கள். மேலே மரமும் இல்லை, வெயிலோ நாற்பதுக்கு மேல். வேறு என்ன செய்வது? கூபர் பெடி என்ற பெயரே பழங்குடி மக்களின் 'கூபா பிட்டி'யிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரன் பொந்து என்று பொருள் சொல்கிறார்கள். இன்றைக்கும் இந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருக்கு மேல் தரைக்கடியில்தான் குடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'டக்அவுட்'.

நாங்கள் தங்கியதும் ஒரு பழைய சுரங்கம்தான். ஆறே அறைகள். வரவேற்பறையில் தலைக்கவச விளக்கு, துருப்பிடித்த மண்கொத்தி, கயிறு கட்டிய வாளி, வெடிமருந்துப் பெட்டி போல் பெயின்ட் அடித்த நாற்காலி. அறைகளுக்குச் சுரங்கப் பேச்சிலிருந்து பெயர்கள். எங்களுடையது 'பாட்ச்', நிறம் காட்டாத மட்ட ஓப்பலுக்கு அதுதான் பெயர். வாடகைக்குக் கொடுக்கிற அறைக்கு இப்படி ஒரு பெயரை வைத்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் அந்த மண்கொத்தியும் வாளியும் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். சுவர் இருக்கும்போது எதற்கு வேஷம்?

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிர் ரோஜா நிறமும் பாலேட்டு நிறமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. குடைந்த இயந்திரத்தின் பற்கள் வளைவு வளைவாகக் கோடு போட்டிருக்கின்றன. தேங்காய் துருவி முடித்த மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், அதேதான். தூசி உதிராமல் இருக்க மேலே பசை போல ஏதோ பூசியிருக்கிறார்கள், விரலால் தடவினால் வழவழப்பு. ஓரிடத்தில் ஜிப்சம் நரம்பு ஒன்று குறுக்கே ஓடி, விளக்கு வெளிச்சத்தில் சர்க்கரை மாதிரி மினுங்கியது. வெளியே 43 டிகிரி, கார்க் கதவின் பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. உள்ளே 24. ஏசி எங்கே என்று நான் ஐந்து நிமிடம் தேடினேன். கிடையாது. கூரையில் மேலே வரை துளைத்த ஒரு காற்றுக் குழாய் மட்டும்.

குளியலறை அறையோடு இல்லை, வாசல் பக்கம் தரைமட்டத்தில். கழிவுநீர் வெளியேற அதுதான் வசதி, இங்கே பல வீடுகளில் இப்படித்தானாம். தண்ணீருக்கும் இங்கே மரியாதை அதிகம். ஆண்டு முழுக்கப் பெய்வது 150 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து, உப்பை நீக்கி, குழாயில் அனுப்புகிறார்கள். குளியலறைக் கதவில் 'மூன்று நிமிடம்' என்று எழுதி ஒரு மணல்கடிகாரம் தொங்கவிட்டிருந்தார்கள். அலங்காரங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

திசை விஷயத்துக்கு வருகிறேன். போன் முள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது. கடைசியில் விடுதிக்காரரையே கூப்பிட்டோம். அறுபதுகளில் கிரேக்கத்திலிருந்து ஓப்பல் வெட்ட வந்தவர், எண்பதை நெருங்குகிறவர். எதற்கென்று நாங்கள் சொல்லச் சொல்ல, சிரிக்காமல் கேட்டார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து, "நான் இதை வடக்கே பார்த்து வெட்டிக்கொண்டு போனேன். பதினோரு மாதம். ஒன்றும் கிடைக்கவில்லை" என்றார். ஆக, தலைமாடு சுத்தமாக வடக்கு! அம்மா தலையணைகளை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். படிக்கிற விளக்கு அவள் பாதத்துக்கு வெளிச்சம் காட்டியது.

விளக்கை அணைத்ததும் வந்த இருட்டு நான் அதுவரை பார்க்காத இருட்டு. வீட்டில் எவ்வளவு இருட்டானாலும் சார்ஜர் வெளிச்சம், கதவிடுக்கு என்று ஏதாவது கசியும். இங்கே கையை முகத்துக்கு நேராக ஆட்டினாலும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. சிறிது நேரத்தில் என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

நடுராத்திரி என்று நினைத்து விழித்தேன். புரண்டு படுத்தேன். போன் எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. கணவரை எழுப்பி அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் காலை பத்தரை. சிற்றுண்டி ஒன்பதரையோடு முடிந்துவிட்டது. அம்மா மட்டும் ஆறு மணிக்கே எழுந்து, குளித்து, டோஸ்ட் சாப்பிட்டு, வாசலில் கேரவன் தம்பதியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். எப்படி எழுந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் தம்பதி பணி ஓய்வுக்குப் பிறகு கேரவனில் நாடு சுற்றுகிறவர்கள். ஒரு ராத்திரிக்கென்று வந்து நாலாவது ராத்திரி ஆகிவிட்டதாம், முதுகுவலிக்காரர் அசந்து தூங்குகிறார் என்று மனைவி சொன்னார். எதிர் அறையில் இருந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு நேர்மாறு. விளக்கணைத்த பத்தாவது நிமிடம் மூச்சு முட்டி எழுந்து, மிச்ச ராத்திரியை மேலே தன் காரில் கழித்திருக்கிறாள். விடிகிற நேரத்தில் வானம் முழுக்க நட்சத்திரம் என்று அவளும் குறைப்படாமல்தான் சொன்னாள். மூடிய இடம் ஆகாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தரைக்கு மேல் அறை உள்ள விடுதிகளும் ஊரில் இருக்கின்றன.

பகலில் செர்பியர்களின் நிலத்தடி தேவாலயத்துக்குப் போனோம். உயர்ந்த வளைவுக் கூரை, பாறையிலேயே செதுக்கிய சிற்பங்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மாலையில் வெயில் இறங்கியதும் 'நூட்லிங்'. மற்றவர்கள் தோண்டிப் போட்ட மண்குவியலில் தவறவிட்ட ஓப்பலைப் பொறுக்குவதற்குத்தான் அந்தப் பெயர். பொதுமக்களுக்கு என்று ஊருக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்கள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தால்தான் வெளிச்சம் பிரிந்து நிறம் வரும். வரிசை கலைந்திருந்தால் அது வெறும் பாட்ச். ஒரு மணி நேரம் குனிந்து தேடி, சாம்பல் நிறத்தில் மூன்று துண்டு பாட்ச் பொறுக்கினோம். விடுதிக்காரர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என் பதினோரு மாதத்தைவிட நல்ல வரவு" என்றார்.

கிளம்புகிற அன்று விருந்தினர் குறிப்பேட்டை நீட்டினார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் தூக்கத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில், தமிழில், எழுதிக் கையெழுத்தும் போட்டாள்:

"பாட்ச் ரூமில் தலைமாடு வடக்கே இருக்கிறது. தலையணையை மாற்றிப் போட்டுக்கொள்ளவும்."