கோராமாரா: கரை பின்வாங்கும் தீவு

கொல்கத்தாவின் சியால்டாவிலிருந்து நாம்கானா போகும் லோக்கல் ரயிலில் ஏறி காக்த்வீப்பில் இறங்கினால், எட்டாம் லாட் (Lot No. 8) படித்துறைக்கு டோட்டோ எனும் பேட்டரி ரிக்‌ஷா கிடைக்கும். கங்காசாகருக்குப் போகும் நம்மூர் யாத்ரீகர்கள் லாஞ்ச் ஏறுவதும் இங்கேதான். ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கோராமாராவுக்குப் படகு தனி, நாளொன்றுக்குச் சில நடைகள்தான். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் வடிந்து நீர் இறங்கும் வற்று நேரத்தில் இறங்கினால் சேற்றில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்.

முன்பு 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல் இருந்த தீவு இன்று 5-க்கும் குறைவு. பக்கத்திலிருந்த லோகாசரா தீவு முழுதாகவே மூழ்கியது. கடல்மட்டம் உயர்கிறது, வண்டல் நிலம் தானே அமுங்குகிறது, ஹூக்ளியின் நீரோட்டம் கரையின் அடியை அறுக்கிறது. மூன்றும் சேர்ந்த வேலை இது.

கரையோரம் நின்று பார்த்தால் புரியும். அலை மேலே தொடுவதில்லை, அடிமண்ணைக் குடைகிறது. மேலே புல்லோடு நிற்கும் மண் ஒருநாள் பாளமாகச் சரிகிறது. தென்னையின் வேர்கள் வெட்டவெளியில் தொங்குகின்றன. விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள்.

ஆனால் மனிதர்களை விரட்டுவதில் உப்பு சில நேரம் இந்த அரிப்பையும் முந்திக்கொள்கிறது. 2021 மே 26 அன்று யாஸ் புயல் கரையேறியது ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே. அன்று பௌர்ணமி. வெள்ளுவா ஓதமும் (பௌர்ணமியில் கடல் வழக்கத்தைவிட மேலேறுவது) புயல் அலையும் ஒன்றுசேர, தொலைவிலிருந்த இந்தத் தீவு மூழ்கியது. உப்புநீர் நின்ற வெற்றிலைக் கொடிக்காலில் வேர் அழுகிவிடும்; புதிதாகத்தான் கொடி நட வேண்டும். மண்ணின் உவர்ப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸை (மின்கடத்து திறனை வைத்து உவர்ப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். மழைநீரை வயலில் தேக்கி, உப்பு கரைந்ததும் வற்று நேரத்தில் மதகு வழியே வடிக்க வேண்டும். ஒரு மழைக்காலம் போதாது, இரண்டு மூன்று ஆகும். குளத்தையும் இறைத்துச் சேற்றை வாரினால்தான் அடுத்த மழையில் நல்ல தண்ணீர் சேரும். அதற்குள் இன்னொரு புயல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் வரைபடத்தில் மிஞ்சியிருக்கும் பரப்பை அப்படியே குடியிருக்கத் தக்க நிலமாகக் கணக்கிடக் கூடாது.

வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரை உடைந்தால் அதை அதே இடத்தில் கட்டுவதில்லை, அடிமண் இளகியிருக்கும். உள்ளே தள்ளி வளைவாகப் புதுக்கரை போடுகிறார்கள். வளைவுக்கு வெளியே மாட்டிய வீடும் வயலும் அன்றே ஆற்றுக்குச் சொந்தம். புதுக்கரைக்கு மண் வெட்டுவது பக்கத்து வயலில் என்றால், அந்தப் பள்ளமும் விளைநிலத்திலிருந்து கழிகிறது.