அன்யாங் போய் யின்சூவைப் பார்த்த அனுபவம்

சீனாவுக்குப் போகிறவர்கள் தொல்லியல் என்றால் ஷியானின் சுடுமண் வீரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீரர்களுக்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது யின்சூ. ஹெனான் மாகாணத்தின் அன்யாங் நகர ஓரத்தில் இருக்கிறது. கி.மு. 1300 வாக்கிலிருந்து கி.மு. 1046 வரை பழங்காலச் சீனாவை ஆண்ட ஷாங் வம்சத்து அரசர்களின் தலைநகரம் இதுதான். வெளிநாட்டுப் பயணிகள் அங்கே குறைவு. அதனால் போகும் வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை பெயர். ரயில் டிக்கெட், நுழைவுச் சீட்டு, ஓட்டல் பதிவு எல்லாமே பாஸ்போர்ட்டை வைத்துத்தான். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். முன்பதிவுப் படிவமோ இரண்டையும் கேட்கும். பாஸ்போர்ட்டின் அடிப்பகுதியில் அம்புக்குறிகளோடு ஓடும் வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் போட்டேன். எங்கும் கேள்வி வரவில்லை. ரயில்வேயின் 12306 செயலியில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். பயணத்துக்கு நெருக்கத்தில் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது பணம். அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். இதை ஊரிலேயே செய்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி நம் எண்ணுக்குத்தான் வரும், அது அங்கே சமயத்தில் வந்து சேராது. ஓட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது என்பதால் மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன்.

பெய்ஜிங் மேற்கு நிலையத்திலிருந்து அன்யாங் கிழக்கு வரை அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நிலையத்தில் தானியங்கி வாயில்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலில் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும். டாக்சியில் ஏறும்போது ஒரு கவனம் வேண்டும். 2024-இல் திறந்த புதிய அருங்காட்சியகம் ஹுவான் ஆற்றின் வடகரையில், பழைய அரண்மனைப் பகுதி தென்கரையில். இரண்டின் பெயரையும் சீன எழுத்தில் ஓட்டல் வரவேற்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். சீட்டு முன்பதிவுக்கும் அவர்கள்தான் உதவினார்கள், படிவம் முழுக்கச் சீன மொழி. அங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்.

நான் தென்கரையிலிருந்து தொடங்கினேன். அதுதான் சரியான வரிசை என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும், அப்புறம் பொருளை. குதிரைகளோடு தேரைப் புதைத்த குழிகளில் தேரின் மரம் மக்கிப்போய்விட்டது. மண்ணில் படிந்த அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சக்கரத்தையும் அச்சையும் மீட்டிருக்கிறார்கள். குதிரைகளின் எலும்பு அப்படியே கிடக்கிறது. சில குழிகளில் மனிதரின் எலும்பும். பலியாகப் புதைக்கப்பட்டவர்கள். அங்கே நிற்பது எளிதாக இல்லை, ஆனால் அவசரமாகக் கடந்துபோகவும் மனம் வரவில்லை.

1936-இல் 17,000-க்கும் மேற்பட்ட குறி எலும்புத் துண்டுகள் (குறி கேட்டு எழுத்துச் செதுக்கிய ஆமை ஓடும் எலும்பும்) ஒரே குழியில் கிடைத்த இடமும் இங்கேதான். ஆமை ஓட்டின் பின்பக்கம் பள்ளம் குடைந்து சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விழும். விரிசலைப் பார்த்து அரசர் பலன் சொல்வார். கேள்வியையும், சில சமயம் நடந்ததையும் அதே ஓட்டில் செதுக்கிவிடுவார்கள்.

அடுத்து ஃபூ ஹாவ் கல்லறை. அரசர் வூ திங்கின் மனைவி, படை நடத்தியவர். அவருடைய படையெடுப்பு ஒன்றுக்கு 13,000 பேர் திரட்டப்பட்டதாக ஒரு குறி எலும்பு சொல்கிறது. 1976-இல் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் இந்தக் கல்லறையைத் தோண்டினார்கள். கொள்ளையர் கை படாமல் இருந்ததால் 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் (ஜேட்) பொருள்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் கிடைத்தன. கடலே இல்லாத ஊரில் அத்தனை சோழி! பலியானவர்கள் குறைந்தது 16 பேர்.

அவருடைய பிரசவம் பற்றிய ஒரு குறிப்பு என்னை மிகவும் பாதித்தது. நல்லபடியாகப் பிறக்குமா என்று கேட்கிறார்கள். இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்கிறார் அரசர். 31 நாள் கழித்துப் பிறந்தது, நல்லதாக இல்லை, பெண் குழந்தை என்று செதுக்கியிருக்கிறது. ஒரு படைத்தலைவியின் வீட்டிலேயே இந்த நிலை என்றால் மற்ற பெண்களின் பாடு எப்படி இருந்திருக்கும்!

பிற்பகலை வடகரை அருங்காட்சியகத்துக்கு முழுதாக ஒதுக்குங்கள். எழுத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதுவே போதாது.

யின்சூவின் மிகப் பெரிய வெண்கலப் பாத்திரத்தை அங்கே தேடாதீர்கள். 832.84 கிலோ எடையுள்ள அந்த நான்குகால் பாத்திரம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் அரசர் தன் தாய்க்காக வார்க்கச் செய்தது. 1939-இல் கிராமத்து மக்கள் தோண்டியெடுத்து, ஜப்பானியப் படைக்குத் தெரியாமல் திரும்பவும் புதைத்து, 1946-இல்தான் வெளியே எடுத்தார்கள். அந்தப் பெய்ஜிங் அருங்காட்சியகத்துக்கும் முன்பதிவு வேண்டும், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிந்தால் அன்யாங்கை முடித்துக்கொண்டு, பெய்ஜிங் திரும்பியபின் அதைப் பாருங்கள்.