யார் கையெழுத்துப் போடவில்லை?

பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பதுதான் என் தொழில். மதுரையில் நான் ஜூனியராகச் சேர்ந்தபோது, பெண் வக்கீல் என்றால் குடும்ப நல வழக்கு, நிலம் என்றால் ஆண்கள் என்றுதான் பலரும் வைத்திருந்தார்கள். என் சீனியர் மேடம் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. ஒரு கட்டு மூலப்பத்திரத்தை மேசையில் வைத்து, "யார் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு எல்லாரும் பார்ப்பாங்க. யார் போடலைன்னு நீ பாரும்மா" என்றார்.

அதில் ஒன்று 1994-ல் பதிவான பாகப்பிரிவினை. பூர்வீகச் சொத்து. அப்பாவும் மூன்று மகன்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். விசாரித்தால், ஒரு மகளும் உண்டு.

"அந்தம்மாவுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டார் மேடம். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையைத் தொடாது. பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் தமிழ்நாட்டின் திருத்தம் 1989 மார்ச் 25-லேயே அமலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. குமாஸ்தா அண்ணன் அந்த வீட்டுக்கே போய்க் கல்யாணப் பத்திரிகையை வாங்கி வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், உள்ளே 1991 ஆவணி. பங்கு உண்டு!

"தங்கச்சிதானே, ஒரு கையெழுத்து வாங்கிடலாம்" என்றார் தரகர். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பங்குக்கு உரிய தொகை அந்தம்மா பெயரில் டிராஃப்டாக வந்த பிறகுதான், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதச் சொன்னார். சட்டப் பிரிவுகளை நானே படித்துத் தெரிந்துகொண்டிருப்பேன். இந்தப் பிடிவாதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்காவிட்டால் எனக்கு வந்திருக்காது.

அப்புறம், வங்கிக்காகப் பத்திரம் பார்க்கும் வக்கீல்களின் பட்டியலுக்கு (பேனல்) என் பெயரைச் சொன்னதும் அவர்தான். தனியாக ஆபீஸ் போட்டபோது முதல் கட்சிக்காரரை அனுப்பியதும் அவர்தான்.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எப்போதோ வந்திருக்க வேண்டியது. பணத்தோடு இடமும் கொடுக்க வேண்டும். கட்சிக்காரர் பேசும்போது என் ஜூனியர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பாள். யாராவது அவளிடம் காபி சொல்லச் சொன்னால், "உங்க பத்திரத்தைப் பார்க்கப் போற வக்கீல் இவங்கதான்" என்று அப்போதே சொல்லிவிடுவேன்.