மூக்குச் சளியில் ஒரு கத்தரிக்கோல்

ஒரு வாரமாக விடாத ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஞாபகம் வந்தது. பென்சிலின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்பு, 1921இல், லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் இதே மாதிரி சளி பிடித்திருந்த அந்த மனிதர் தன் மூக்குச் சளியையே எடுத்து பாக்டீரியா வளர்க்கும் தட்டில் விட்டுப் பார்த்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. சளி பட்ட இடத்தைச் சுற்றி பாக்டீரியா கரைந்து போயிருந்தது.

கரைத்தது ஒரு நொதி. லைசோசைம் என்று பெயர் வைத்தார். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் எல்லாவற்றிலும் உண்டு, முட்டை வெள்ளைக்கருவில் ஏராளம். ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே? எலுமிச்சைத் தோலைக் கண்ணில் பிழிந்து அழவைத்துச் சேகரித்தார்களாம், பாவம்.

பாக்டீரியாவின் செல் சுவர் ஒரு வலைப்பை மாதிரி. இரண்டு வகைச் சர்க்கரையை மாற்றி மாற்றிக் கோத்த சரங்கள், அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் குட்டி அமினோ அமிலத் தொடர்கள். உள்ளே அழுத்தமோ அதிகம். லைசோசைம் சர்க்கரைச் சரத்தை நறுக்கிவிட்டால் போதும், மிச்ச வேலையை அழுத்தமே முடித்துவிடும், வெடித்துச் சாகும். பென்சிலின் வேறு ரகம்: இருக்கிற சுவரை இடிக்காது, புதிதாகக் கட்டவிடாது.

சரி, பிறகு நமக்கு ஏன் நோய் வருகிறது? ஃபிளெமிங்கின் தட்டில் கரைந்தது பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்யாத கிருமி. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சுவரின் சர்க்கரையில் அசிடைல் தொகுதி என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டிக்கொள்கிறது, லைசோசைமால் அங்கே பிடித்து அறுக்க முடிவதில்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு. யோசித்தால் ஆச்சரியமில்லை, கண்ணிலும் வாயிலும் ஊறிக்கிடக்கும் காவலைத் தாண்டத் தெரிந்ததுதானே நோய்க்கிருமியாகவே பிழைத்திருக்க முடியும்.

எனக்கு அதிகம் பிடித்தது பேஜ்களின், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் நொதி. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகிய பேஜ், வெளியே வர உள்ளிருந்தே சுவரை அறுக்கும். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டி குழு, அந்த நொதியை மட்டும் பிரித்து வெளியிலிருந்து போட்டால் என்ன என்று பார்த்தது. தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோதனைக்குழாயில் சில நொடிகளில் காலி, எலிகளிலும் பலித்தது, 2001இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் மாதிரி நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அடிக்காது, தன் ஆளை மட்டும்தான் தேடும். மனிதர்களிடம் அவ்வளவு சுலபமில்லை. ரத்தத்தில் பரவிய ஸ்டஃபிலோகாக்கஸுக்காக வந்த எக்ஸிபாகேஸ் என்ற இதே ரக நொதி மருந்து, மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் தெரியாது என்று 2022இல் நிறுத்தப்பட்டது.

என் ஜலதோஷத்துக்கு இதில் எதுவுமே உதவாது. ஜலதோஷம் வைரஸால் வருவது, வைரஸுக்கு அறுக்கச் சுவரே கிடையாது. மெடிக்கல் ஷாப்காரர் கேட்காமலே நீட்டிய ஆன்டிபயாடிக் அட்டையை வேண்டாம் என்றேன், அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.