எண்பதாவது நிமிடத்தில் ஒரு பெயர்

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். பக்கத்தில் பெரும் இடம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். ஆனாலும் என் மனம் கால்பந்தாட்டத்தில்தான். தேசிய அளவிலான கிண்ணத் தொடரின் இறுதிப் போட்டி என்றால், செய்தி எழுதுவதோடு இன்னொரு வேலையும் சிலசமயம் வந்து சேரும். இறுதிப் போட்டியின் சிறந்த வீரரைத் தெரிவு செய்யும் குழுவில் ஊடகவியலாளர் ஒருவரையும் போடுவார்கள். அப்படி நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியில் நின்று பார்த்தால் அது ஒரு கேடயம், ஒரு காசோலை, பிரதம அதிதியோடு ஒரு படம். வாங்குகிற பையனுக்கு அது அவ்வளவோடு முடிவதில்லை. கால்பந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தக்கூடியவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் இடம் கிடைத்தால் விளையாட்டோடு ஒரு உத்தியோகமும் கிடைக்கும். இன்னும் நன்றாக ஆடினால் மாலைதீவுக் கழகம் ஏதாவது கூப்பிடும். அங்கெல்லாம் ‘இறுதிப் போட்டியின் சிறந்த வீரர்’ என்ற ஒரு வரிக்கு நல்ல மதிப்பு உண்டு. மன்னாரிலிருந்து வந்து கொழும்புக் கழகம் ஒன்றுக்கு ஆடிய தம்பி ஒருவர், விருது வாங்கிய மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். “அண்ணா, இண்டைக்குப் பேப்பரில ரெண்டு கொப்பி எடுத்து வைக்க ஏலுமோ? ஒண்டு அம்மாவுக்கு. மற்றது நேவிக்கு அப்ளை பண்ண.” அன்றிலிருந்து அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கும் துண்டுத்தாளை நான் சாதாரணமாக நினைத்ததில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தத் துண்டுத்தாளைப் பெரும்பாலும் எண்பதாவது நிமிடத்திலேயே கேட்டுவிடுவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அறிவிப்பாளருக்குப் பட்டியல் தயாராக வேண்டும். பிரதம அதிதி நேரத்தோடு புறப்பட வேண்டும். நேரடி ஒளிபரப்பு என்றால் அனுசரணையாளரின் பெயரோடு பரிசளிப்பும் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும். பத்திரிகைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. வடக்கு கிழக்குக்குப் போகும் பதிப்பு முதலில் அச்சுக்குப் போகிறது, இரவுப் போட்டி என்றால் தலைப்புக்கு ஒரு பெயர் சீக்கிரம் கிடைப்பது எங்களுக்கும் வசதி. இப்படி எல்லோருடைய வசதிக்கும் பொருந்திப் போவதால் யாரும் இதைத் தட்டிக் கேட்பதில்லை. ஆட்டம் முடியும் முன் கொடுக்கும் தீர்ப்பு எனக்கு மட்டும் எப்போதும் உறுத்தும்.

உலகக் கிண்ணத்திலேயே இது நடந்திருக்கிறது. 2002இல் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது ஜேர்மனியின் கோல்காப்பாளர் ஒலிவர் கானுக்குப் போனது. வாக்களிப்பு இறுதிப் போட்டிக்கு முன்பே நடந்துவிட்டது. யொகோஹாமாவில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் ரிவால்டோ அடித்த பந்து கானின் கையிலிருந்து நழுவியது, ரொனால்டோ அதைக் கோலாக்கினார். பிறகு இரண்டாவது கோலும் போட்டார். பிரேசில் 2-0 என வென்றது. 2006 இறுதிப் போட்டியில் பிரான்சின் ஸிடேன் மேலதிக நேரத்தில், 110ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஊடகவியலாளர்களின் வாக்குகளில் பல அதற்கு முன்பே விழுந்திருந்தன. தங்கப் பந்து அவருக்குத்தான். இரண்டாவதாக வந்த இத்தாலியின் கன்னாவாரோ ஒரு பின்கள வீரர், கிண்ணத்தை உயர்த்திய தலைவர். ஸிடேனின் ஆட்டத்தை ரசித்தவன் நான். ஆனாலும் அந்த வாக்குகளை ஆட்டம் முடிந்தபின் வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.

எங்கள் ஊர் மைதானங்களும் அதையேதான் சொல்கின்றன. 1995 தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை வென்றது கொழும்பு சுகததாச அரங்கில், மேலதிக நேரத்தில் விழுந்த தங்கக் கோலால். ஒரே உதையில் ஆட்டம் முடிந்துவிடும் விதி அது. 2021 நவம்பரில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் இலங்கையும் சீஷெல்ஸும் ஆடிய இறுதிப் போட்டி 3-3 என்று நின்று, பெனால்டியில் சீஷெல்ஸுக்குப் போனது. இப்படிப்பட்ட ஆட்டங்களில் எண்பதாவது நிமிடத்துப் பெயர் எதற்கு உதவும்?

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கே பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. சுகததாசவில் அரங்குக்கும் புற்தரைக்கும் நடுவே ஓடுபாதை கிடக்கிறது. மாலை மங்கினால் எதிர்ப்பக்கக் கோட்டோரம் ஓடுபவரின் சட்டை இலக்கமே சரியாகத் தெரியாது. தெளிவாகத் தெரிவது கோல் மட்டும்தான். அதனால் கோல் போட்டவர் பெயர் தானாகவே தாளில் ஏறிவிடுகிறது.

எனக்கு மறக்காத ஒரு இறுதிப் போட்டி. கழகங்களின் பெயர் வேண்டாம். நீலச் சட்டை அணி முதல் பாதியிலேயே 1-0 என முன்னிலை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுடைய ஆறாம் இலக்கத்தை, பின்கள வீரர்களுக்குச் சற்று முன்னால் நிற்கும் மத்தியகள வீரர். பந்து எதிரணியின் வலதுபக்கப் பின்கள வீரரிடம் போகிறது. அரங்கின் கண்ணெல்லாம் பந்தில். ஆறாம் இலக்கம் மட்டும் தோளுக்கு மேலாகத் திரும்பி, தனக்குப் பின்னால் எதிரணியின் பத்தாம் இலக்கம் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறார். இடப்பக்கமாக இரண்டு எட்டு வைக்கிறார், அவ்வளவுதான். பந்து வைத்திருப்பவருக்கு நடுவில் கொடுக்க வழி அடைபட்டுப் போகிறது. வேறு வழியில்லாமல் கோல்காப்பாளருக்கே திருப்பிக் கொடுக்கிறார். குறிப்பேட்டில் எழுத எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு தாக்குதல் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. இதையே அவர் ஆட்டம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். தலையில் பட்டுத் தெறிக்கும் பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது போலிருந்தது.

எண்பதாவது நிமிடத்தில் தாள் வந்தது. குழுவில் மூன்று பேர். கொம்பனித்தெருவைச் சேர்ந்த பழைய வீரர் ஒருவரும் நானும் ஆறாம் இலக்கம் என்றோம். மற்றவர் கோல் போட்டவர்தான் என்றார். பேசி முடிப்பதற்குள் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, கோல் போட்டவர் பெயரைத்தான் அறிவிப்பாளரிடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார். பழைய வீரர் அவரிடம் சிங்களத்தில் தன்மையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார், பலனில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “கோல் அடிச்சவனுக்கு அந்தக் கோல் ஈக்கிதானே தம்பி, மத்தவனுக்கு என்ன ஈக்கி?” என்றார். கடைசி நிமிடங்களில் எதிரணி சமப்படுத்தியது. கோல் போட்டவரை அதற்குள் மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். மேலதிக நேரத்தில் கால் பிடித்துக்கொண்ட தோழர்களுக்கும் சேர்த்து ஓடியவர் அந்த ஆறாம் இலக்கம். நீல அணி வென்றது, விருதுக்கு முதலில் எழுதிய பெயரே வாசிக்கப்பட்டது. வாங்கியவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவரும் உழைத்த பிள்ளைதான். நான் என் செய்தியில் ஆறாம் இலக்கத்துக்குத் தனியாக ஒரு பந்தி ஒதுக்கினேன். இடம் போதாது என்று வெட்டப் பார்த்தார்கள், விடவில்லை.

மத்தியகள வீரருக்கு இந்த விருதைக் கொடுக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு 2021 மே 29 போர்ட்டோவில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைக் காட்டுவேன். செல்சி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்றது. ஒரே கோலைப் போட்டவர் ஹாவர்ட்ஸ், சிறந்த வீரர் செல்சியின் மத்தியகள வீரர் என்கோலோ கான்டே. ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களை உட்கார வைத்தால் இப்படி ஒரு தெரிவு வரும்.

மறுபக்கமும் உண்டு. 1953 இங்கிலாந்து எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் பிளாக்பூல் 3-1 எனப் பின்தங்கியிருந்து போல்டனை 4-3 என வென்றது. மோர்டென்சன் மூன்று கோல் போட்டார். ஆனால் அந்த ஆட்டத்தை உலகம் ‘மத்தியூஸ் இறுதிப் போட்டி’ என்றுதான் சொல்கிறது, ஓரத்தில் ஓடிப் பந்து கொடுத்த ஸ்டான்லி மத்தியூஸின் பெயரால். மோர்டென்சனை நினைத்தால் எனக்கு மனம் கஷ்டப்படும். கோல் போட்டவருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முழு ஆட்டத்தையும் பார்த்துக் கொடுங்கள் என்கிறேன்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இறுதி விசிலுக்குப் பிறகு மத்தியஸ்தர்களுக்கான பதக்கம், தோற்ற அணிக்கான பதக்கம் என்று எப்படியும் பத்து நிமிடமாவது போகும். சிறந்த வீரர் விருதைப் பட்டியலின் தொடக்கத்தில் வைக்காமல், கிண்ணத்தைக் கொடுப்பதற்குச் சற்று முன் வைத்தால் குழுவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். குழுவில் ஒருவராவது பின்களத்திலோ மத்தியகளத்திலோ ஆடியவராக இருக்கட்டும். பதிப்புக்கு நேரமாகிறது என்றால் தலைப்பில் கழகத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, வீரரின் பெயரை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம். எங்கள் டெஸ்கில் இதைச் சொல்லிவிட்டேன். ஏற்பாட்டாளர்களிடமும் ஒவ்வொரு பருவத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த இறுதிப் போட்டிக்கும் கொடுப்பேன்.