கிங் சைஸ் என்றால் எத்தனை இஞ்ச்? கரூரில் ஒரு பிஐஎம் அனுபவம்

கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். பெட்ஷீட், தலையணை உறை, மேஜை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன் என்று இந்த ஊருக்குப் பழகிய சரக்குதான். எக்ஸ்போர்ட் மட்டும் செய்துகொண்டிருந்த காலத்தில் பொருளைப் பற்றிய தகவல் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பையர் துணி, அளவு, தையல் எல்லாம் எழுதிய டெக் பேக் அனுப்புவார், ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் சாம்பிள் போடுவார், அப்ரூவல் வந்தால் தறிக்குப் போகும். கடையில் அதை என்ன சொல்லி விற்பது என்பது பையரின் தலைவலி. சொந்த பிராண்ட் தொடங்கி அமேசான், ஃபிளிப்கார்ட், எங்கள் வெப்சைட், அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா என்று நேரடியாக இறங்கிய பிறகு அது எங்கள் தலைக்கு வந்தது.

கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரில் ரேட் இருக்கும், ஸ்டாக் இருக்கும், வரிக்கான 6302 என்ற எச்எஸ்என் கோடு இருக்கும். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்) மெர்ச்சண்டைசரிடம். துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்பது தரம் பார்க்கும் க்யூசி ஃபைலில். போட்டோக்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கில். சர்டிஃபிகேட் எல்லாம் முதலாளியின் மெயிலில். ஒரு டவலுக்கு லிஸ்டிங் போட ஒவ்வொருவர் மேஜையாகப் போய் நிற்க வேண்டும். போட்ட பிறகு ஜிஎஸ்எம் மாறினால் அமேசானில் ஒன்று, வெப்சைட்டில் ஒன்று, பாக்கெட் அட்டையில் ஒன்று.

இதற்கென்றே இருக்கிற சாஃப்ட்வேர்தான் பிஐஎம் (ப்ராடக்ட் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்). ஒரு பொருளைப் பற்றிய எல்லா விவரத்தையும் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு விற்பனை இடத்துக்கும் அது கேட்கிற வடிவத்தில் அனுப்புவது அதன் வேலை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்த பிம்கோர், பிரான்ஸின் நான்ட் நகரில் 2013இல் தொடங்கிய அக்கேனியோ இரண்டையும் போட்டுப் பார்த்தோம். எடுத்தது அக்கேனியோவின் இலவச கம்யூனிட்டி எடிஷன். இலவசம் என்றாலும் சர்வர் வாடகை உண்டு. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், எலாஸ்டிக்சர்ச் தெரிந்த ஆளும் வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு டெவலப்பர் கிடைத்தார். நிறுவுகிற வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது சீக்கிரமே முடிந்தது.

அவர் முதல் நாளே சொன்னார்: "இப்போதைக்குத் திரையைத் தொடாதீங்க, பேப்பரில் போடுங்க." காரணம் இருக்கிறது. இதில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு 'ஃபேமிலி', ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு 'அட்ரிபியூட்'. ஒரு அட்ரிபியூட்டை எழுத்தாக வைப்பதா, எண்ணாக வைப்பதா, சேனலுக்குச் சேனல் (அதாவது விற்பனை இடத்துக்கு இடம்) மாறலாமா என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பின்னால் மாற்ற முடியாது. சைஸ், நிறம் என்று எந்த விவரத்தை வைத்து ஒரே பொருளின் ரகங்கள் பிரிகின்றன என்பதும் அப்படியே. எனக்கு இந்தக் கறார் பிடித்திருந்தது. எக்செல் எதையும் தடுக்காது, அதனால்தான் இத்தனை குழப்பமும்.

பேப்பரில் உட்கார்ந்ததும் முதலில் இடித்தது சைஸ். எங்கள் எக்செல் ஷீட்டில் எல்லாம் 'கிங்' என்று ஒரே சொல். இந்தியாவில் கிங் என்றால் 72க்கு 78 இஞ்ச் மெத்தை என்று எடுத்துக்கொள்கிறோம், 72க்கு 75ஐயும் கிங் என்று விற்பவர்கள் உண்டு. அமெரிக்க கிங் 76க்கு 80. இங்கிலாந்தில் கிங் என்பது 150க்கு 200 சென்டிமீட்டர், அதாவது அகலம் 5 அடிதான். நம் கிங் அங்கே 180க்கு 200 இருக்கிற 'சூப்பர் கிங்'குக்குத்தான் கிட்டே வரும். சாதா ஷீட் என்றால் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிச் சமாளிக்கலாம். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட்டில் அது நடக்காது. 5 அடி மெத்தையில் 6 அடி ஷீட் தொளதொளவென்று கிடக்கும்.

கடைசியில் இப்படிச் செய்தோம். உண்மையான அளவு எண்ணாக, சென்டிமீட்டரில் ஒரே இடத்தில் இருக்கும். ரகத்தைப் பிரிப்பது 183-198 போன்ற கோடு. 'கிங்', 'சூப்பர் கிங்' என்கிற பெயர் தனி அட்ரிபியூட், அது மட்டும் சேனலுக்குச் சேனல் மாறும். அமெரிக்க சேனலுக்கு இஞ்ச் என்று செட்டிங்கில் சொல்லிவிட்டால் எக்ஸ்போர்ட் ஆகும்போது அதுவே மாற்றிக்கொள்ளும். பிஐஎம் வாங்குவது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒன்றைத்தான் காட்டுவேன்.

அடுத்தது பார்கோடு. பார்கோடு எண்களைத் தரும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா தருகிற எண்கள் 890இல் தொடங்கும் 13 இலக்கங்கள். (890 இருந்தால் இந்தியாவில் தயாரானது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். எண்ணைத் தந்தது இந்திய அமைப்பு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.) பழைய எக்செல் ஷீட்களை பிஐஎம்முக்குள் இழுத்தபோது பாதிக்குமேல் 8.90123E+12 என்ற கோலத்தில் வந்தன. திரையில் அப்படித் தெரிவதோடு நின்றால் பரவாயில்லை. அதே கோலத்தில் சிஎஸ்வியாகச் சேமித்துத் திரும்பத் திறந்தால் 8901230000000 ஆகிவிடும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான்.

இப்படிக் கெட்டுப்போன எண்ணைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பார்கோட்டின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும், வருவதை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுதான் கடைசி இலக்கம். மேலே சொன்ன எண்ணுக்குக் கூட்டுத்தொகை 49. கடைசியில் 1 இருக்க வேண்டும், இருப்பதோ 0. டெவலப்பர் இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். அதைத் தாண்டாத வரி எதுவும் உள்ளே போகாது. தொலைந்த எண்களை பாக்கெட் அட்டையைப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

இதெல்லாம் மெஷின் சமாச்சாரம், எப்படியோ முடிந்தது. நின்றுபோனது ஆட்களிடம். ஜிஎஸ்எம்மையும் நூல் கவுண்ட்டையும் யார் உள்ளே போடுவது? மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிற அண்ணன் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பையருக்கு ஒரு ஷீட், க்யூசிக்கு ஒரு ஷீட் ஏற்கெனவே போட்டுட்டு இருக்கறனுங்க. இப்ப உங்களுக்கு மூணாவதா ஒண்ணா?"

அவர் கேட்டது நியாயம். அதனால் அந்த இரண்டாவது ஷீட்டை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். பிஐஎம்மில் அவர் போட்டால் க்யூசிக்குப் போக வேண்டிய ஷீட் அதிலிருந்தே எக்ஸ்போர்ட் ஆகும். அப்புறம் அவர் முரண்டு பிடிக்கவில்லை. நிறத்துக்கும் இதே பஞ்சாயத்து. சாயப்பட்டறை ஒரு ஷேடு பெயர் வைத்திருக்கும், போட்டோ எடிட் செய்கிறவர் வேறொன்று வைப்பார். லேப் டிப்பில் (சாயம் போட்டுப் பார்க்கும் சின்னத் துணி மாதிரியில்) அப்ரூவ் ஆன கோடுதான் நிறம், மற்றதெல்லாம் விளம்பரப் பெயர் என்று முதலாளியே சொன்ன பிறகுதான் அடங்கியது. எந்த விவரத்துக்கு யார் சொல்வது கடைசிச் சொல் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சாஃப்ட்வேரை மாற்றினாலும் அந்தப் பட்டியல் வேண்டும்.

பிஐஎம்மில் 'கம்ப்ளீட்னஸ்' என்று ஒரு சதவீதம் தெரியும். ஒரு சேனலுக்குக் கட்டாயம் என்று குறித்தவற்றில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. அதை 100 ஆக்க ஆளாளுக்குப் போட்டி. விவரணைக் கட்டத்தில் 'நல்ல தரமான துணி' என்று அடித்தால்கூட அது நிரம்பிய கட்டம்தான். சட்டம் கேட்கிற கட்டங்களுக்கு இந்தக் கணக்கு போதும். 2018 ஜனவரி முதல் பாக்கெட் பொருளுக்கு எம்ஆர்பி, தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு எல்லாம் ஆன்லைனிலும் காட்ட வேண்டும், எந்த நாட்டுப் பொருள் என்பதும் வேண்டும். வாங்குகிறவருக்கு அவை போதாது.

இப்போது பிஐஎம் விற்கிறவர்கள் எல்லோரும் 'ப்ராடக்ட் எக்ஸ்பீரியன்ஸ்' என்று பேசுகிறார்கள். முதலில் அதை சேல்ஸ் பேச்சு என்று ஒதுக்கினேன், பெரும்பகுதி இன்றும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ரிட்டர்ன் வந்தவற்றின் காரணங்களை வரிசையாகப் படித்தபோது அதற்குள் விஷயமும் இருப்பது தெரிந்தது. 'மெத்தையில் ஏறவில்லை.' 'நினைத்ததைவிட மெல்லிசு.' 'மேஜையில் போட்டால் தொங்கவே இல்லை.' ஒன்றுகூடத் துணியின் குறை இல்லை. கடையில் என்றால் விரலால் தேய்த்துப் பார்ப்பார், விரித்துக் காட்டச் சொல்வார். திரையில் அந்த வேலையையும் நம் விவரம்தான் செய்ய வேண்டும்.

ஃபிட்டட் ஷீட்டுக்கு 'எத்தனை இஞ்ச் உயர மெத்தை வரை' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கினோம். துவைத்த பிறகு இருக்கும் அளவு, க்யூசியிலிருந்து நேராக. மேஜை விரிப்புக்கு '6 சீட்டர்' என்பதோடு நிற்காமல் எந்த அளவு மேஜையில் எத்தனை இஞ்ச் தொங்கும் என்று போட்டோம். அமேசானில் முதல் படம் வெள்ளைப் பின்னணியில்தான் இருக்க வேண்டும். அதனால் எவ்வளவு மெல்லிசு என்று தெரிய, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படத்தை இரண்டாவதாக வைத்தோம். 'மெத்தையில் ஏறவில்லை' என்று வந்துகொண்டிருந்த புகார் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. மெல்லிசு புகார் இன்னும் வருகிறது.

ஐம்பது அறுபது பொருள் வைத்து ஒரே இடத்தில் விற்கிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒழுங்கான ஒரு கூகுள் ஷீட்டும், அதைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆளும் போதும்.

எங்களுக்கு அடுத்த வேலை ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஈக்கோடிசைன் சட்டப்படி டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட் (பொருள் எதில், எங்கே செய்யப்பட்டது போன்ற விவரங்களின் டிஜிட்டல் பதிவு) வரப்போகிறது, முன்னுரிமைப் பட்டியலில் துணியும் இருக்கிறது. பையர்கள் இப்போதே கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்று சோதித்துத் தரும் ஓகோடெக்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் ஒரு வருடம் என்பதால் காலாவதித் தேதிக்கு ஏற்கெனவே ஒரு கட்டம் வைத்துவிட்டோம். இப்போது நூல் எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் ஸ்பின்னிங் மில்லின் லாட் நம்பரைச் சேர்க்கப் பார்க்கிறோம். சில மில்கள் பிடிஎஃப் தருகின்றன, சிலவற்றில் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதித்தான் வருகிறது. அதை யார் அடிப்பது என்பதற்கு அடுத்த வாரம் மீட்டிங் வைத்திருக்கிறோம்.