நெகட்டிவில் பச்சைக் கறை

ஜூன் 8, சனி

இன்று கழுவிய ஹெச்பி5 கறுப்பு-வெள்ளை பிலிம் ரோலில் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன, ஆனால் மேலே மெல்லிய சாயம் ஏறியிருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அதே இடம் இளஞ்சிவப்பு. ஃபிக்ஸர் (மிஞ்சிய வெள்ளி உப்பை நீக்கும் கரைசல்) போதாமல் போனால் பிலிம் பால் போல மங்கும், திரும்ப ஃபிக்ஸரில் போட்டால் தெளியும். கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தேன், கறை அசையவில்லை. அப்படியானால் இது டைக்ரோயிக் ஃபாக், அதாவது இரு நிறக் கறை. டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ஃபிக்ஸரிலுள்ள ஹைப்போ உப்பு கலந்தால் அது பிலிமிலுள்ள வெள்ளி உப்பைக் கரைக்கும். கரைந்த வெள்ளியை டெவலப்பர் நுண்துகளாக அங்கேயே படிய வைத்துவிடும். இரண்டு நிறமாகத் தெரிவது அந்தத் துகள்கள் அவ்வளவு சிறியவை என்பதால்தான்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் சந்தேகம் டி-76 டெவலப்பர் பாட்டில் மேல். பிலிம் முனையை வெளிச்சத்திலேயே நனைத்துப் பார்த்தேன், கருகருவென்று ஆனது. டெவலப்பருக்கு உயிர் இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லும், சுத்தமா என்று சொல்லாது. முழுக்கக் கறுத்த துண்டில் மெல்லிய கறை எப்படித் தெரியும்? வெளிச்சமே படாத துண்டு வேண்டும். ராத்திரி, கும்மிருட்டில் புது ரோலிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரிலேயே டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்தேன். கறையே இல்லை. பாட்டில் மேல் குற்றமில்லை, பிலிம் கழுவும் டேங்குக்குள் போன பிறகுதான் ஏதோ சேருகிறது.

ஜூன் 12, புதன்

டேங்க் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். புனல் மூடியோடு சேரும் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரும் இப்படித்தான் பூக்கும், அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. மருந்துக்கடையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கி, இரண்டு டம்ளர் பேட்டரி தண்ணீரில் ரோஜா நிறம் வரும்வரை கரைத்தேன். ஒன்றில் போர் தண்ணீர் சில சொட்டு விட்டேன், நிறம் நின்றது. மற்றதில் மூடியை ஊறவைத்த தண்ணீர். ரோஜா நிறம் போய் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. ஹைப்போவேதான்! (டெவலப்பரை நேராக இப்படிச் சோதிக்க முடியாது, அதிலுள்ள சல்ஃபைட்டே நிறத்தைப் போக்கிவிடும்.)

ஜூன் 15, சனி

மூடியை வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கை டூத் பிரஷால் தேய்த்து, அலசிய தண்ணீரில் பெர்மாங்கனேட் நிறம் மாறாமல் நிற்கும்வரை அலசினேன். இன்றைய ரோலில் கறை இல்லை. இனி டெவலப்பருக்குத் தனி ஜார், சிவப்பு டேப் ஒட்டியாயிற்று. டெவலப்பர் கொஞ்சம் ஃபிக்ஸருக்குள் போனால் பெரிதாகக் கெடாது, ஃபிக்ஸர் டெவலப்பருக்குள் போவதுதான் ஆபத்து.

அப்புறம், காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அது போர் தண்ணீரின் கால்சியம். அடுத்த ரோலுக்குக் கடைசி அலசல் பேட்டரி தண்ணீரில், லிட்டருக்கு 5 மி.லி. ஃபோட்டோ-ஃப்ளோ (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் திரவம்). பிலிமை ரீலிலிருந்து எடுத்த பிறகே அதில் நனைக்க வேண்டும். பிளாஸ்டிக் ரீலில் அது ஒட்டிக்கொண்டால் அடுத்த தடவை பிலிம் ஏறாமல் முரண்டு பிடிக்கும்.